சாமைத்தாள் முடிச்சு

நாகப்பட்டினம் கடற்கரைக் குப்பம்
25.1.1999

அன்புள்ள அக்கா பொன்னாயிக்கு,

தம்பி ராசாமணி எழுதுவது. இடுப்புக்கு மேலே சௌக்கியம். கீழே ஏன் சௌக்கியமில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மச்சானுக்குப் படித்துக் காட்டு. சுஜிதாவுக்கு மட்டும் வேண்டாம். தாய்மாமன் மேல் அவளுக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதை, அவள் கழுத்தில் தாலி ஏறும் வரையாவது இருக்கட்டும்.

அக்கா, நான் ஓர் ஆமை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நான் குடியிருக்கும் வீட்டில் கக்கூஸ் கிடையாது. வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் கடற்கரைப் பக்கம் ஒதுங்கினேன். போன வேலை முடிந்து திரும்பும்போது வாகாக ஒரு பாறை தெரிந்தது. மலைக்காரனுக்குப் பாறையைக் கண்டால் உட்காரத் தோன்றும், உனக்கே தெரியும். உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தேன். பாறை பெருமூச்சு விட்டது. காற்று என்று நினைத்தேன். பாறை நகர்ந்தது. நான் பறந்தேன். விழுந்தது படகு கட்டும் கயிற்றின் மேல். லுங்கி என்னோடு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து டார்ச் லைட்டோடு ஐந்தாறு பேர். அதில் ஒரு பெண்பிள்ளை. பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் கோகிலவாணி டீச்சராம். என் வயதுதான் இருக்கும்.

"சார், முட்டை போட வந்த ஆமை அது. பயந்து கடலுக்கே திரும்பிப் போயிடுச்சு."

"நான் முட்டை மேல உட்காரலீங்களே," என்றேன், ஒரு மீன்கூடையை முன்னால் பிடித்துக்கொண்டு.

"முட்டை போட விடாம உட்கார்ந்துட்டீங்க. பரிகாரமா நாளையிலிருந்து எங்களோட நடங்க."

இப்படித்தான் டீச்சரின் தொண்டன் ஆனேன். தை முதல் பங்குனி வரை ஆமைகள் கரையேறி, மணலில் குழி பறித்து நூறு நூற்றைம்பது முட்டை இட்டு மூடிவிட்டுப் போகும். நாயும் நரியும் தோண்டும். விற்பதற்கென்று தோண்டுகிற மனிதர்களும் உண்டு. குஞ்சு வெளிவர ஏழெட்டு வாரம். அதுவரை நாங்கள் காவல். ஆமை வந்த தடத்தைப் பனையோலையால் அழித்துவிட்டு, இடத்தை டீச்சரின் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்வோம். டீச்சர் எனக்கும் ஒரு டார்ச் கொடுத்திருக்கிறார். நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார் டீச்சர்.

ஊருக்கெல்லாம் போன் கனெக்‌ஷன் கொடுக்கிற லைன்மேன், அக்காவிடம் பேச இன்லேண்டு லெட்டர் வாங்குகிறேன். உங்கள் ஊருக்குக் கம்பி எப்போது வருமோ! இந்த உப்புக்காற்றில் உட்கார்ந்திருக்கும்போது, சாமைக்காட்டுப் பரண்மேல் நாம் இரண்டு பேரும் ஒரே சாக்குக்குள் நுழைந்துகொண்டு பன்றிக்குத் தகரம் தட்டியது நினைவுக்கு வருகிறது. அங்கே குளிர், இங்கே புழுக்கம். தூக்கம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இடுப்புக்கு எண்ணெய் தேய்த்தபடி,
ராசாமணி

~

திண்ணனூர் நாடு
6.2.1999

கண்ணு ராசாமணிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே மழை இல்லை, பனி உண்டு. உன் மச்சானுக்கு இடது காது அடைத்தது அடைத்தபடிதான். வலது காது என் பேச்சுக்கு மட்டும் அடைக்கிறது.

உன் கடிதத்தைச் சுஜிதாதான் முதலில் பிரித்தாள். அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த களி அடிபிடித்துவிட்டது. மரியாதைக் கணக்கை அத்தோடு மூடிவிடு.

நல்ல சேதி. அவளுக்கு இடம் முடிந்துவிட்டது. பெரக்கரை நாட்டுப் பையன், பேர் தனபால். மிளகுத் தோட்டம் இருக்கிறது, அளவாகப் பேசுகிறான். பங்குனிக் கடைசி ஞாயிறு, ஏப்ரல் பதினொன்று, காலை ஏழு மணிக்கு முகூர்த்தம். பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டியவன் தாய்மாமன். அவளுக்கு இருப்பது ஒரே மாமன். லீவு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. உனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லாம் மலையேறும் பஸ்ஸில் எழுபது வளைவையும் எண்ணிவிட்டுத் தலைசுற்றித் திரும்பிப் போனார்கள். நம் குடும்பத்தில் ஒரு கல்யாணமாவது குறையில்லாமல் நடக்கட்டும்.

ஆமைக்கு வருகிறேன். தடத்தை அழிப்பது, மறைப்பது, இதெல்லாம் என்ன வேலை? களவாணிதான் தடத்தை அழிப்பான். அப்பா தேன் மரத்தைக் கண்டால் என்ன செய்வார்? சாமைத்தாளை முறுக்கி முடிச்சுப் போட்டு மரத்தில் கட்டிவிட்டு வருவார். இதற்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். எவனாவது தொட்டானா? நீயும் ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு முடிச்சுக் கட்டு. கடலோரத்தில் சாமைத்தாளுக்கு எங்கே போவாய்? ஒரு கட்டு பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்.

ஒரு கடிதத்தில் டீச்சர் என்று ஐந்து தடவை எழுதியிருக்கிறாய். நான் எண்ணவில்லை. சுஜிதா எண்ணினாள்.

உடம்பைப் பார்த்துக்கொள் சாமி.
பொன்னாயி

~

கடற்கரைக் குப்பம்
17.2.1999

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு தேறிவிட்டது. கல்யாணச் சேதி கேட்டு, கம்பத்தின் உச்சியில் இருந்தபடியே விசிலடித்தேன். கீழே போன சப்-இன்ஸ்பெக்டர் தன்னைத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்து ஜீப்பை நிறுத்திவிட்டார். ஏப்ரல் பதினொன்று. நான் இல்லாமல் சுஜிதா மணவறைக்கு நடப்பாளா!

சாமைத்தாள் கட்டு வந்து சேர்ந்தது. நாலு பஸ் மாறி, ஒரு கோழிக்கூடைக்கு அடியில். பிரித்ததும் ஊடு பூராவும் நம் களத்துமேட்டு வாசனை. மூக்கைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதே.

கல்லூரியில் செய்முறைத் தேர்வு என்று டீச்சரும் பிள்ளைகளும் பத்து நாளாக வரவில்லை. நோட்டும் டார்ச்சும் என் பொறுப்பில். இதுதான் சமயம் என்று, இதுவரை கண்ட ஏழு குழிக்கும் குச்சி நட்டு, அப்பா போடுகிற மாதிரியே இரட்டைச் சுற்று முடிச்சுக் கட்டிவிட்டேன். காலை வெயிலில் ஏழும் பொன் மாதிரி மின்னுகிறது. கூட வந்த மீனவர் மாணிக்கம் தலையைச் சொறிந்தார்.

"என்னண்ணே இது, கோயில் திருவிழாவா?"

"எங்க மலைப் போலீசு. இதைத் தாண்டி ஒருத்தன் கை வைக்க மாட்டான்."

"உங்க மலையில அப்படியாண்ணே?"

"எங்க மலையில அப்படித்தான்."

டீச்சர் திரும்பி வந்து பார்க்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உன் யோசனை என்று சொல்லித்தான் காட்டுவேன், நானே கண்டுபிடித்ததாக அளக்க மாட்டேன். கொஞ்சம் அளப்பேன்.

மச்சானுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.
ராசாமணி

~

திண்ணனூர் நாடு
1.3.1999

கண்ணு ராசாமணிக்கு,

நாங்கள் நலம். பத்து நாளாய் உன்னிடமிருந்து தகவல் இல்லையே, நீ எப்படி இருக்கிறாய்?

முடிச்சுக் கதையைச் சந்தையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கடலோரத்துக்கே பொன்னாயி காவல் போட்டிருக்கிறாள் என்று வெற்றிலைக்காரி சென்னம்மாள் கேலி செய்கிறாள். கேலி என்றாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா, "பெண்ணோட மாமன் படிச்சவரு, ஆனா பழசை மறக்கலே," என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் மச்சான் அவர் சொன்னது காதில் விழாமல், "ஆமாங்க, மழை வராதுங்க," என்றார்.

டீச்சர் முடிச்சைப் பார்த்தாரா? என்ன சொன்னார்? எல்லாவற்றையும் விவரமாக எழுது. லீவு கிடைத்ததா என்பதையும் எழுது.

பொன்னாயி

~

கடற்கரைக் குப்பம்
8.3.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வெயில் ஏறிவிட்டது. கேபிள் பழுது அதிகம்.

முடிச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கட்டியது கட்டியபடியே இருக்கிறது. ஒன்றுகூட அவிழவில்லை. டீச்சரும் பார்த்தார்.

லீவு விஷயம் கொஞ்சம் இழுபறி. ஏப்ரல் பதினொன்று அன்று எனக்கு இங்கே வேலை இருக்கும் போலத் தெரிகிறது. முதல் நாளோ மறுநாளோ என்றால் பார்க்கலாம். ஒருவேளை வர முடியாமல் போனால், சுஜிதா கையைப் பிடித்துவர நம் செல்லமுத்துப் பெரியப்பா நின்றால் சரியாக இருக்குமா? கேட்கத்தான் கேட்கிறேன்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

ராசாமணி

~

கடற்கரைக் குப்பம்
13.3.1999

மரியாதைக்குரிய அப்புசாமி மச்சான் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைச் செம்மேடு பஸ் ஸ்டாண்டு டீக்கடை குழந்தைசாமி பேருக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அக்கா கையில் விழும். குழந்தைசாமி, நீ நல்லா இருப்பே, இதை மச்சானுக்கு மட்டும் கேட்கும்படி படி.

மச்சான், அக்காவுக்கு நான் எழுதியது பொய்யில்லை. முடிச்சுகள் கட்டியபடியே இருக்கின்றன. கீழேதான் முட்டை இல்லை. இரண்டே நாளில் ஏழு குழியும் காலி. எடுத்தவன் எவனோ, முடிச்சைத் தொடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகத் தோண்டியிருக்கிறான். இங்கே யாருக்கும் அந்த முடிச்சின் அர்த்தம் தெரியாது. இந்த இடத்தில் முட்டை இருக்கிறது என்று நானே ஏழு போர்டு எழுதி வைத்ததாகத்தான் ஆயிற்று.

டீச்சர் வந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கிக் கையில் சேர்த்துக்கொண்டார்.

"யாரு சார் கட்டுனது?"

"நாந்தானுங்க."

"அந்த டார்ச்சையும் நோட்டையும் குடுங்க. நாளைக்கு வர வேணாம்."

அவ்வளவுதான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மறுநாள், பிப்ரவரி இருபத்தொன்று, ஞாயிறு. தூக்கம் பிடிக்காமல் தனியாக வடக்கே நடந்துபோனேன். ஓர் ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எட்டாவது குழி. தடத்தை நானே அழித்தேன். குச்சி இல்லை, முடிச்சு இல்லை, டீச்சரிடமும் சொல்லவில்லை, மாணிக்கத்திடமும் சொல்லவில்லை. புழுக்கம் என்று பாயை எடுத்துப் போய்த் தினமும் அதன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். இந்த ஒரு குழியாவது பொரிந்தால்தான் அந்த ஏழுக்கும் நான் பதில் சொன்னவன் ஆவேன்.

கணக்குப்படி பங்குனிக் கடைசி வாரம் பொரிய வேண்டும். கல்யாணமும் அதே வாரம். இரண்டு நாள் நகர்ந்தால் நாய்க்கோ ஆளுக்கோ போய்விடும். நகராவிட்டால் சுஜிதாவுக்கு மாமன் இல்லை. எனக்கு வழி தெரியவில்லை.

அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். யோசனை அவளுடையது. அவளால் ஏழு குழி போயிற்று என்று தெரிந்தால், கல்யாண ஊட்டில் அவளுக்குச் சோறு இறங்காது. என்மேல் கோபமாக இருக்கட்டும். அது எனக்குப் பழக்கம்தான்.

உங்கள் மாப்பிள்ளை,
ராசாமணி

~

செம்மேடு
22.3.1999

அன்புள்ள ராசாமணிக்கு,

அப்புசாமி அண்ணன் சொல்ல, டீக்கடை குழந்தைசாமி எழுதும் கார்டு. அண்ணன் நலம். வடை வியாபாரம் சுமார்.

அண்ணனுக்கு மட்டும் கேட்கும்படி படிக்கச் சொல்லியிருந்தீர்கள். அவருக்குக் கேட்கும்படி படித்தால் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? நடுவில் நாமக்கல் பஸ் டிரைவர் என்ஜினை ஆஃப் செய்துவிட்டு, "முதல்லயிருந்து படிங்க" என்றார். படித்தேன்.

அண்ணன் சொல்லச் சொன்னது: "மாப்ளே, உங்க அக்கா உன் போன கடுதாசி வந்ததிலிருந்து எங்கிட்டயும் பேசறதில்லை. எனக்கு அது கஷ்டமா இல்லை. ஆனா தாய்மாமன் இல்லாம எம்பொண்ணு மணவறை ஏறினா கஷ்டமா இருக்கும். ஆமையா பொண்ணான்னு நான் கேக்க மாட்டேன். வந்துரு."

உங்கள் அக்காவுக்கு இதுவரை எதுவும் தெரியாது. நாளைக்குச் சந்தை.

இப்படிக்கு,
குழந்தைசாமி

~

திண்ணனூர் நாடு
26.3.1999

ராசாமணிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. விசாரிக்க வேண்டாம்.

சந்தையில் வெற்றிலை வாங்கப் போனேன். சென்னம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனக்கா, முடிச்சைப் பாத்துத்தான் முட்டையைக் களவாண்டாங்களாமா?" என்று கேட்டாள். சுற்றி நின்ற பத்துப் பேருக்கும் என்னைவிட விவரம் அதிகமாகத் தெரிந்திருக்கிறது. எத்தனை முட்டை என்று கேட்டு ஒருத்தி துக்கம் விசாரித்தாள்.

"கட்டியது கட்டியபடியே இருக்கிறது" என்று எழுதினாயே, அந்த வரியை நான் மாப்பிள்ளை வீட்டாருக்குப் படித்துக் காட்டினேனடா!

நான்கு நாளாய் யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஏழு குழி போனது என் புத்தியால். அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. உறுத்தட்டும். அன்றைக்குப் பரணில் நீ தூங்கிப் போய், பன்றி பாதிக் காட்டைத் தின்றபோது, நான்தான் தூங்கினேன் என்று அப்பாவிடம் சொல்லி விளக்குமாற்று அடி வாங்கினேன். அது அக்காவுக்கு உண்டான உரிமை. என் தப்பை எடுத்து நீ சுமக்க ஆசைப்படுகிறாய். தம்பிக்கு அந்த உரிமை கிடையாது. தூங்குகிற உரிமைதான் உண்டு.

இப்போது நான் சொல்வதைக் கேள். இது முடிச்சு யோசனை இல்லை, பயப்படாதே. அந்த டீச்சரிடம் போய் எட்டாவது குழியைச் சொல். காவல் அவர்களுக்குத் தெரிந்த வேலை. உனக்கு வெட்கமாக இருக்கும், அதனால்தான் சொல்லாமல் இருக்கிறாய். குழிக்காக என்று எழுதியிருக்கிறாய். பாதி குழிக்காக, பாதி உன் மூஞ்சிக்காக. ஒரு பொம்பளை முன்னால் தலைகுனிய முடியாதவன், நாளைக்கு ஊர் முன்னால் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பாய்?

செல்லமுத்துப் பெரியப்பாவை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தாய். அவரை நிறுத்த இரண்டு பேர் பிடிக்க வேண்டும். பிறகு சுஜிதாவை யார் பிடிப்பது?

சுஜிதா இதில் ஒரு வரி எழுதச் சொன்னாள்: "மாமன் வராட்டி நான் மணவறைக்கு நடக்க மாட்டேன், கெடந்த எடத்துலயே கெடப்பேன்." என்னிடம் கத்துக்கொண்ட பிடிவாதம். செய்தாலும் செய்வாள்.

பொன்னாயி

~

கடற்கரைக் குப்பம்
4.4.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், மானத்தைத் தவிர.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் டீச்சர் வீட்டுத் தெருவிலேயே லைன் பழுது பார்த்தேன். அந்தத் தெருவில் எல்லார் போனும் இப்போது மிக நன்றாக வேலை செய்கிறது. நான்காம் நாள் டீச்சரே ஏணிக்குக் கீழே வந்து நின்றுவிட்டார்.

"சார், எங்க வீட்டுல போனே கிடையாது. என்ன விஷயம் சொல்லுங்க."

மேலே இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வாரமாக ஒரு குழியை அவரிடம் மறைத்து வைத்திருப்பதையும் சொன்னேன். இறங்கச் சொன்னார். இறங்கினேன். நேரே கடற்கரைக்குப் போனோம். உடைந்த படகிலிருந்து வடக்கே முப்பத்தாறு அடி, தாழம்புதருக்கு நேரே. டீச்சர் மண்டியிட்டு மணலைத் தடவிப் பார்த்தார்.

"தடம் தெரியாம நல்லா அழிச்சிருக்கீங்க. யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதானுங்க."

கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு, "கல்யாணம் என்னைக்கு?" என்றார். சொன்னேன். "போயிட்டு வாங்க சார். நாங்க இருக்கோம். மாமனுக்கு மாத்து ஆள் கிடையாது, காவலுக்கு உண்டு."

மாணிக்கம் தானே வந்து படுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவரிடம் இடத்தைக் காட்டப் போனால், எனக்கு முன்னால் நடந்துபோய்ச் சரியாக அங்கே நிற்கிறார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஏண்ணே, நாப்பது நாளா ஒரே எடத்துல பாயைப் போட்டுப் படுத்திருக்கீங்க. குப்பத்துக்கே தெரியும். நீங்கதாண்ணே முடிச்சு!"

"அப்புறம் ஏன் யாரும் தொடலே?"

"பாவம், மனுசன் கெடக்குறாரேன்னுதான்."

அக்கா, அன்றைக்கு அந்த ஏழு குழியைத் தோண்டியவன் யாரென்று மாணிக்கத்துக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெள்ளி இரவு புறப்படுகிறேன். மருமகளை எழுந்து நிற்கச் சொல். மாமன் வாரேன்.

ராசாமணி

~

கடற்கரைக் குப்பம்
16.4.1999

அன்புள்ள அக்காவுக்கு,

எழுபது வளைவும் இறங்கி, நாலு பஸ் மாறி, உடம்பு உடையாமல் வந்து சேர்ந்தேன். தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. நாமக்கல் பஸ் டிரைவர் என்னை அடையாளம் கண்டு, ஆமைக் கதையை முதலிலிருந்து சொல்ல வைத்துவிட்டார்.

எட்டாவது குழி பொரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, விடியக் காலையில். நான் அங்கே சுஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சேலை தடுக்கி விழாமல் பார்த்து நடந்துகொண்டிருந்தேனே, ஏறக்குறைய அதே நேரம். நூற்று மூன்று குஞ்சுகளாம். மணல் கொதிப்பது மாதிரி குமிழிட்டதாம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கடல் எந்தப் பக்கம் என்று கேட்காமலே ஓடினவாம். மாணிக்கம் மண்டியிட்டுக் கையை வீசி நடித்துக் காட்டினார். டீச்சர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்: "குழி எண் 8. குஞ்சு 103. காவல்: ராசாமணி." டார்ச்சையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏழு வாரம் பக்கத்தில் படுத்துக் கிடந்தவன் நான். ஒரு குஞ்சைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. நான் போய் நின்றபோது மணலில் ஒரு சின்னப் பள்ளம்தான் இருந்தது. தடமெல்லாம் அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. துக்கமா என்று கேட்டால், இல்லை. சுஜிதாவின் கையில் இருந்த சில்லிப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. இரண்டையும் ஒருத்தனே பார்க்க ஆசைப்படலாமா?

அன்றைக்கு உன் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து நின்றேனே, அப்போது முதலில் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? வாசலின் இரண்டு பக்கமும் கட்டியிருந்த வாழை. குலை தள்ளி, தரையைத் தொடுகிற பூவோடு. தண்டில் நம் சாமைத்தாள் முடிச்சு அப்படியே இருந்தது. எத்தனை மாதம் தோட்டத்தில் நின்றிருக்கும், எத்தனை பேர் தாண்டிப் போயிருப்பார்கள்! ஒரு காய் குறையவில்லை. பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் நான் நீட்டி முழக்கியதை நீயும் கேட்டிருப்பாய்: "எங்க பொழப்பு எங்கெங்கேயோ போகுதுங்க. ஆனா இந்த மலையில இன்னைக்கும் ஒரு முடிச்சுக்கு மரியாதை இருக்குதுங்க." சொல்லும்போதே எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. நீ ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். உனக்கும் அப்பா ஞாபகம்தான் வந்திருக்கும்.

கடலோரத்துக்கு அந்த முடிச்சு புரியவில்லை என்பதற்காக முடிச்சு பொய்யாகிவிடாது. இதை இன்றைக்கு டீச்சரிடமும் சொன்னேன்.

சுஜிதாவுக்கும் தனபாலுக்கும் என் ஆசிகள். அடுத்த தைக்கு ஜோடியாக இங்கே வரட்டும். உட்காரும் முன் பாறையைத் தட்டிப் பார்க்கக் கற்றுத் தருகிறேன்.

உன் தம்பி,
ராசாமணி

~

திண்ணனூர் நாடு
27.4.1999

கண்ணு ராசாமணிக்கு,

நாங்கள் நலம். சுஜிதா மறுவீடு வந்து போனாள். ஊடு வெறிச்சென்று இருக்கிறது. உன் மச்சான் வாய்விட்டுப் பேசுகிறார், நான்தான் கேட்பதில்லை.

நூற்று மூன்று என்று சென்னம்மாளிடம் சொன்னேன். அவள் அதைச் சந்தை முழுக்க முந்நூறு ஆக்கிவிட்டாள். நான் திருத்தவில்லை. போன மானத்துக்கு நமக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைதான்.

டீச்சர் என்ற சொல் உன் இந்தக் கடிதத்தில் இரண்டே தடவைதான் வந்திருக்கிறது. ஐந்து தடவை எழுதியபோது எனக்குச் சந்தேகமில்லை. இப்போது இருக்கிறது. வெயிலில் அலையாதே, மோர் குடி.

வாசல் வாழையைப் பற்றி நீ எழுதியதை உன் மச்சானுக்குச் சத்தமாகப் படித்தேன். அவர் சிரித்துவிட்டார். அதனால் உனக்கும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கென்று நான் முடிச்சுப் போட்டு வைத்திருந்த இரண்டு வாழையையும் பங்குனி பிறந்த வாரமே எவனோ குலையோடு வெட்டிக்கொண்டு போய்விட்டான். வாசலில் நீ பார்த்தது செம்மேட்டுச் சந்தையில் வாங்கியது. முடிச்சை முதல் நாள் சாயங்காலம் நான் கட்டினேன்.

பொன்னாயி